டிசைன் பண்ணும்போது வரையறது யோசிக்கறதுக்கா, இல்ல யோசிச்சதை காட்டறதுக்கு மட்டும்தானா?

வெண்பலகை

எல்லாருக்கும் வணக்கம். ஆர்க்கிடெக்சர் மூணாவது வருஷம். ரொம்ப நாளா மண்டைக்குள்ள ஓடிட்டு இருக்கற கேள்வி, ஸ்டுடியோல கேட்டா "வரைஞ்சு பழகு, தானா புரியும்"னு சொல்லிட்டு அடுத்த டேபிளுக்கு போயிடறாங்க, அதான் இங்க கேக்கறேன்.

இப்ப பண்ணிட்டு இருக்கற ப்ராஜெக்ட் ஒரு சின்ன பொது நூலகம், சைட் நல்ல சரிவு. நான் முதல்லேருந்தே கம்ப்யூட்டர்ல 3டி மாடலாதான் பண்றேன். ஒரு பாக்ஸை வெச்சு, இழுத்து, தள்ளி, சுத்திச் சுத்திப் பாத்து, சரியா வந்ததும் அதுலேருந்தே ப்ளானும் (மேலேருந்து பாக்கற படம்) செக்ஷனும் (கட்டடத்தை செங்குத்தா வெட்டிப் பாக்கற படம்) வெட்டி எடுத்துக்கறேன். ரிவ்யூல முதல் கேள்வியே "ப்ராசஸ் ஸ்கெட்ச் எங்க?" எங்க பேட்ச்ல நிறைய பேர் டிசைன் முடிஞ்சதுக்கு அப்புறம் உக்காந்து ப்ராசஸ் ஸ்கெட்ச் வரைஞ்சு ஷீட்ல சேக்கறாங்க, பாக்க நல்லா இருக்கு, மார்க்கும் விழுது, ஆனா அது எப்படி ப்ராசஸ் ஆகும்னு எனக்கு புரியல.

யோசனை மூளைக்குள்ள நடக்குது, ட்ராயிங் அதை அடுத்தவங்களுக்கு காட்ட உதவுது, அவ்வளவுதானே? அப்படின்னா எந்த வழில காட்டினா என்ன? முழு பில்டிங்கையும் 3டில சுத்திப் பாக்க முடியும்போது ப்ளான், செக்ஷன்னு தட்டையா வரையறதுல யோசனைக்கு என்ன கிடைக்குது? இப்ப வேற ஏஐல நாலு வார்த்தை டைப் பண்ணா நிமிஷத்துல ஃபோட்டோ மாதிரியே படம் வந்துடுது. மார்க்குக்காக கேக்கல, நிஜமாவே தெரிஞ்சுக்கணும்.

பட்டர்பேப்பர்

நல்ல கேள்விங்க. நான் ப்ராக்டீஸ்ல இருக்கேன், தினமும் வரையற ஆள், அந்த இடத்துலேருந்து சொல்றேன். யோசனை மண்டைக்குள்ள முழுசா முடிஞ்சுட்டு அப்புறம் கைக்கு இறங்குதுன்னு நினைக்கறீங்க பாருங்க, அங்கதான் எனக்கு உடன்பாடு இல்ல. பெரும்பாலும் அரைகுறையா ஒண்ணு தோணும், பேப்பர்ல போடுவோம், போட்டதும் நாம நினைக்காத வேற ஏதோ ஒண்ணு அதுல கண்ணுக்கு தெரியும், அதை புடிச்சுட்டு அடுத்த கோடு போகும். அந்த ரெண்டாவது விஷயம் மண்டைக்குள்ள இருந்ததே இல்ல, பேப்பர்லதான் பொறக்குது.

ஒரு சுவத்தையே எடுத்துக்கோங்க. உங்க நூலகத்துல படிக்கற ஹாலுக்கும் காரிடாருக்கும் நடுவுல ஒரு சுவர், 1:100 ப்ளான்ல பென்சில்ல ஒரு கோடு போடறீங்க. திருப்தி இல்லாம பக்கத்துலயே இன்னொரு கோடு போடறீங்க, அது ஒரு நாலஞ்சு மில்லிமீட்டர் தள்ளி விழுது. 1:100ல அதுக்கு என்ன அர்த்தம்? நிஜத்துல 400, 500 மில்லிமீட்டர். சுவர்னு ஆரம்பிச்சது இப்ப ஒரு தடிமனான ஏதோ ஒண்ணா தெரியுது. 450ன்னா ஒரு ஆள் உக்கார்ற ஆழம். அப்ப இந்தப் பக்கம் உக்கார்ற மேடை, அந்தப் பக்கம் புக் ஷெல்ஃப்னு ஆகலாம், அப்படி ஆனா காரிடார் வெறும் போற வழியா இருக்க வேண்டாம், அதுவும் படிக்கற இடம்தான், அப்படின்னா ஹாலை சின்னதாக்கலாம். இவ்வளவும் ரெண்டு கோட்டுக்கு நடுவுல இருந்த இடைவெளிலேருந்து வந்தது. இதையே சாஃப்ட்வேர்ல பண்ணா, வால் டூலை எடுத்ததும் அது தடிமன் எவ்வளவுன்னு கேக்கும், 200னு குடுப்பீங்க, கடைசி வரைக்கும் அது சுவராவேதான் இருக்கும், ஏன்னா சுவர்னு பேர் சொல்லித்தான் அதை உள்ளயே விட்டிருக்கீங்க.

கேப்ரியலா கோல்ட்ஷ்மிட்னு ஒரு ஆராய்ச்சியாளர், 1991ல இதைப் பத்தி எழுதினாங்க. ஸ்கெட்ச் பண்றவங்க ரெண்டு விதமான பார்வைக்கு நடுவுல மாறி மாறி போயிட்டே இருக்காங்கன்னு கண்டாங்க. ஒண்ணு, "இதை அப்படியும் பாக்கலாமே" அப்படிங்கற பார்வை. இன்னொண்ணு, "அப்படின்னா இதனால இது நடக்கும்" அப்படிங்கற பார்வை. மேல சொன்ன சுவர் கதைல ரெண்டுமே இருக்கு, திரும்ப படிச்சுப் பாருங்க. 1997ல சுவாவும் ட்வெர்ஸ்கியும் ஆர்க்கிடெக்ட்டுகள் வரையறதை வீடியோ எடுத்து, அவங்களையே பாக்க வெச்சு, இந்த கோடு போடும்போது என்ன ஓடுச்சுன்னு கேட்டாங்க. அனுபவசாலிங்க தங்களோட கோட்டுலேருந்தே ஆள் நடமாட்டம் எப்படி போகும், எங்கேருந்து எது தெரியும்னு வரைஞ்சதுல நேரடியா இல்லாத விஷயங்களை மாணவர்களை விட அதிகமா படிச்செடுத்தாங்க. அதாவது பழக்கத்துல வளர்றது கை மட்டும் இல்ல, கண்ணும்.

டொனால்ட் ஷோன் 1983ல பதிவு பண்ண ஒரு ஸ்டுடியோ உரையாடல் உங்களுக்கு ரொம்ப பொருந்தும், ஏன்னா அதுவும் சரிவான சைட்தான். பெட்ரான்னு பேர் குடுத்திருக்கற மாணவி ஒரு ஆரம்பப் பள்ளி டிசைன் பண்றா, கட்டடத்தோட வடிவம் சைட்டுல உக்கார மாட்டேங்குதுன்னு மாட்டிக்கறா. க்விஸ்ட்ங்கற ஆசிரியர் அவ ட்ராயிங் மேல டிரேஸிங் பேப்பரை விரிச்சு, பேசிக்கிட்டே வரையறார். சைட் தாறுமாறா இருக்கு, அதனால முதல்ல நீயே ஒரு ஒழுங்கை போடு, அது நம்ம இஷ்டத்துக்கு போட்டதா இருந்தாலும் பரவால்ல, பின்னாடி உடைச்சுக்கலாம்ங்கறார். எல் வடிவத்துல வகுப்பறைகளை சரிவுல படிப்படியா இறக்கறார். இறக்கினதும் பெட்ரா சும்மா ஓரமா வெச்சிருந்த கேலரி திடீர்னு முழு ஸ்கீமுக்கே முக்கியமானதா தெரியுது. யாரும் அதை முன்னாடி யோசிச்சு வைக்கல. ஒரு முடிவு எடுத்து வரைஞ்சதும் ட்ராயிங் திரும்ப என்ன சொல்லுதுன்னு கேட்டாங்க, அவ்வளவுதான்.

பட்டர் பேப்பரை, அதான் அந்த டிரேஸிங் பேப்பரை, நாங்க ஏன் விடாம வெச்சிருக்கோம்னா கீழ இருக்கறது மங்கலா தெரியும், வேண்டியதை மட்டும் மேல ஏத்திக்கலாம், பழசு அழியாம அடியில கிடக்கும். அன்டூல அந்த பழைய யோசனை போயே போயிடும்.

டிசைன் முடிஞ்சப்புறம் வரையற ப்ராசஸ் ஸ்கெட்ச் பத்தி நீங்க சொன்னது ரொம்ப சரி. அதுல எந்த கோடும் எதையும் கண்டுபுடிக்கல, அதனால அதை ப்ராசஸ்னு சொல்லக்கூடாது.

கண்மூடி

பட்டர்பேப்பர் சொன்னதுல முக்கால்வாசி ஒத்துக்கறேன், ஆனா வரையாம யோசிக்கவே முடியாதுங்கற மாதிரி போகக்கூடாது. 2006ல பில்டா, ஜீரோ, பர்செல்னு மூணு பேர் ஒரு ஆராய்ச்சி வெளியிட்டாங்க. அனுபவமுள்ள மூணு ஆர்க்கிடெக்ட்டுகளை கண்ணைக் கட்டி உக்கார வெச்சு, மண்டைக்குள்ளயே டிசைன் பண்ணச் சொல்லி, கடைசில மட்டும் கட்டை அவுத்து வரையச் சொன்னாங்க. அதே ஆட்கள் சாதாரணமா ஸ்கெட்ச் பண்ணி செஞ்ச டிசைனோட ஒப்பிட்டா, முடிவோட தரத்துல பெரிய வித்தியாசம் இல்ல. ஆரம்பகட்ட கான்செப்ட் அளவுக்கு அனுபவசாலிக்கு பென்சில் கட்டாயம் இல்லன்னு ஆகுது.

அமெரிக்க ஆர்க்கிடெக்ட் ஃப்ராங்க் லாய்ட் ரைட் கதையும் தெரிஞ்சிருக்கும். அருவி மேல கட்டின ஃபாலிங்வாட்டர் வீட்டுக்கு மாசக்கணக்கா எதுவும் வரையாம இருந்துட்டு, 1935 செப்டம்பர்ல வீட்டு ஓனர் நேர்ல வர்றேன்னு ஃபோன் பண்ணதும் அவர் வந்து சேர்றதுக்குள்ள ப்ளான் எல்லாத்தையும் போட்டு முடிச்சார்னு அவர்கிட்ட இருந்த சிஷ்யர்கள் சொல்லியிருக்காங்க. அருவி, பாறை எல்லாம் குறிச்ச சைட் சர்வே அதுக்கு முன்னாடியே அவர் கைக்கு வந்திருந்தது, மண்டைக்குள்ள வீடு கட்டி முடிஞ்சிருந்தது.

ஆனா ஒண்ணு கவனிங்க. கண்ணைக் கட்டினவங்களும் சரி, அப்ப 68 வயசுல இருந்த ரைட்டும் சரி, பல வருஷம் வரைஞ்சு வரைஞ்சு பழகினவங்க. அவங்க மண்டைக்குள்ள ஓடினதும் ப்ளானும் செக்ஷனும்தான். அதனால வெண்பலகை, இதை படிச்சுட்டு ஸ்கெட்ச்புக்கை மூடி வெச்சுடாதீங்க. வரையறதுக்கு முன்னாடி ஒரு தடவை கண்ணை மூடி வாசல்லேருந்து கடைசி ஷெல்ஃப் வரைக்கும் மனசுலயே நடந்து பாருங்க, எந்த இடத்துல படம் கலங்குதோ அந்த இடம் இன்னும் டிசைன் ஆகலன்னு அர்த்தம், அங்கேருந்து வரைய ஆரம்பிங்க.

வெண்பலகை

ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி அண்ணா. சுவர் விஷயம் சட்டுனு புரிஞ்சுது. ஆனா 3டி பத்தின சந்தேகம் இன்னும் தீரல. தெளிவில்லாத கோட்டுல புதுசா ஒண்ணு தெரியும்ங்கறது ஸ்கெட்சுக்கு சரி. ப்ளான், செக்ஷன் எல்லாம் தெளிவான, அளவெடுத்த ட்ராயிங் தானே? அதுல எல்லா தகவலும் 3டி மாடல்லயே இருக்கே, அப்ப தனியா உக்காந்து செக்ஷன் வரைஞ்சா மட்டும் யோசனைக்கு புதுசா என்ன வருது?

பீம்காலம்

நான் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர். இந்தக் கேள்விக்கு எங்க டேபிள்லதான் தினமும் பதில் வருது.

மாடல்ல எல்லாம் இருக்குங்கறது உண்மை. ஆனா நீங்க பாக்கறது எப்பவும் ஏதோ ஒரு கோணத்துலேருந்து தெரியற ஒரு காட்சியைத்தான், மீதி அத்தனையும் பின்னாடி மறைஞ்சு கிடக்கும். எங்க வெட்டணும்னு முடிவு பண்றதே ஒரு யோசனை. ப்ளானையே எடுத்துக்கோங்க, தரைலேருந்து ஒரு 1.2 மீட்டர் உயரத்துல கட்டடத்தை கிடைமட்டமா அறுத்து மேல் பாதியை தூக்கிப் போட்டுட்டு பாக்கறது. எந்த மனுஷனும் எந்த கட்டடத்தையும் அப்படி பாத்ததே இல்ல. ஆனா யார் எங்கேருந்து எங்க போவாங்க, எது எதுக்கு பக்கத்துலன்னு கேக்க அதை விட நல்ல படம் கிடையாது. ஆனா அதே ப்ளான் உயரத்தைப் பத்தி வாயே தொறக்காது.

ஒரு சாதாரண படிக்கட்டை பாருங்க. தளத்துலேருந்து தளம் 3 மீட்டர், படி ஒவ்வொண்ணும் 150 மில்லிமீட்டர், மொத்தம் 20 ஏத்தம், பத்து ஏறினதும் நடுவுல ஒரு லேண்டிங், திரும்பி இன்னொரு பத்து. ப்ளான்ல லேண்டிங்குக்கு அடியில நல்லா காலியிடம் தெரியும், அங்க ஒரு கதவு வெச்சு பின்பக்க தோட்டத்துக்கு வழி விட்டுடுவாங்க. ப்ளான்ல பாத்தா அருமையா இருக்கும். இப்ப அதே இடத்துல செக்ஷன் போடுங்க. லேண்டிங்கோட மேல்மட்டம் 1.5 மீட்டர், ஸ்லாப் 150 போனா அடியில மிச்சம் 1.35 மீட்டர். குனிஞ்சாலும் கஷ்டம். 3டில இது கண்ணுல படாம போறதுக்கு காரணம், லேண்டிங்குக்கு அடியில போய் நின்னு யாரும் கேமரா வைக்கறதில்ல. கையால செக்ஷன் வரையறவனுக்கு மட்டும் இது தப்பவே தப்பாது, ஏன்னா ஒவ்வொரு படியா அவனே எண்ணி ஏறணும், ஸ்லாபுக்கு ரெண்டு கோடு அவனே போடணும், போடும்போது அந்த சின்ன இடைவெளி அவன் கண்ணு முன்னாடியே உருவாகுது. சாஃப்ட்வேர்ல எடுத்த செக்ஷனை பாக்கறதுக்கும் வரைஞ்ச செக்ஷனுக்கும் இதுதான் வித்தியாசம்.

படம்னா பேப்பர்ல இருக்கணும்னும் இல்ல. ஸ்பெயின் ஆர்க்கிடெக்ட் காவுதி, கொலோனியா குவெல் தேவாலயத்துக்கு 1:10 அளவுல ஒரு மாடல் பண்ணார், கல்லுல மரத்துல இல்ல, மேலேருந்து தொங்க விட்ட கயிறுகள்ல. எங்கெங்க பாரம் வருமோ அங்கெல்லாம் ஈய குண்டு போட்ட சின்னச் சின்ன பைகளை கட்டினார். பாரத்துக்கு ஏத்த மாதிரி கயிறு தானா ஒரு வளைவை எடுத்துக்கும், அதுல இழுவிசை மட்டும்தான் இருக்கும். அதை ஃபோட்டோ எடுத்து தலைகீழா திருப்பினா இழுவை அத்தனையும் அழுத்தமா மாறி, கல்லுலயே நிக்கக்கூடிய வளைவுகள் கிடைச்சுடும். அந்த ஃபோட்டோ மேலயே வரைஞ்சு தேவாலயத்தோட உருவத்தை கொண்டு வந்தார். தொங்கற சங்கிலியை தலைகீழாக்கினா அது நிக்கற வளைவு ஆகும்னு ராபர்ட் ஹூக் 1675லயே சொல்லிட்டார், காவுதி அதை டிசைன் பண்ற கருவியாவே மாத்தினார். ஒரு பையை நகத்தினா முழு மாடலும் அசைஞ்சு புது வடிவத்துக்கு வரும். கணக்கும் படமும் ஒண்ணா நடக்கறதை பாக்கும்போது எனக்கு இன்னிக்கும் புல்லரிக்கும்.

எதிர்ப்பக்கமும் சொல்லணும். சிட்னி ஓபரா ஹவுஸுக்கு யோர்ன் உட்சன் குடுத்த ட்ராயிங் 1957ல போட்டில ஜெயிச்சது. அதுல சிப்பி ஓடு மாதிரி இருக்கற அந்த கூரைகள் கையோட்டமா, எந்த ஜியாமெட்ரிலயும் அடங்காம இருந்துச்சு. அந்த சுதந்திரம்தான் அந்த ஐடியாவுக்கே உயிர். ஆனா கட்டணும்னு வந்தப்ப பாரபோலா, எலிப்ஸ்னு வருஷக்கணக்கா முயற்சி பண்ணியும் சரிவரல. கடைசில 1961ல எல்லா ஓடுகளையும் ஒரே கோளத்தோட மேற்பரப்புலேருந்து வெட்டி எடுத்துக்கலாம்னு முடிவாச்சு, அந்த கோளத்தோட ஆரம் சுமாரா 75 மீட்டர். ஒரே கோளம்னா எல்லா இடத்துலயும் வளைவு ஒண்ணுதான், அதனால கூரையைத் தாங்கற ரிப்புகளை (வளைஞ்ச உத்தரங்களை) துண்டு துண்டா வார்த்து அடுக்க முடிஞ்சுது. திறப்பு விழா 1973ல, 70 லட்சம் ஆஸ்திரேலிய டாலர்னு ஆரம்பிச்ச செலவு 10 கோடியே 20 லட்சத்துல முடிஞ்சுது. ஸ்கெட்ச் இல்லாம அந்த கட்டடம் இல்ல, கோளம் இல்லாமலும் இல்ல. ரெண்டும் வேற வேற கேள்விக்கு போட்ட படம்.

ஸ்டுடியோஅம்மா

நான் ஸ்டுடியோ எடுக்கறவ. பீம்காலம் சார் கடைசி வரில சொன்னதைத்தான் நான் பிள்ளைங்ககிட்ட சொல்லிட்டே இருக்கேன். எந்தப் படம் போடறோம்ங்கறது நாம என்ன கேக்கறோம்ங்கறதைப் பொறுத்தது.

ஏஐ படம் பத்தி கேட்டியேம்மா, அதுக்கு கொஞ்சம் பின்னாடி போகணும். இத்தாலி ஆர்க்கிடெக்ட் ஆல்பர்ட்டி 15ஆம் நூற்றாண்டுலயே எழுதி வெச்சிருக்கார். நிழல் போட்டு, பெர்ஸ்பெக்டிவ்ல (தூரம் போகப் போக சின்னதா தெரியற மாதிரி) கோட்டை சுருக்கி வரையறது ஓவியர் வேலை, ஆர்க்கிடெக்ட் கோணமும் அளவும் மாறாம வரையணும், மாடலும் அலங்காரம் இல்லாம வெறுமையா இருக்கணும்ங்கறார். பெர்ஸ்பெக்டிவ் எப்படி வரையறதுன்னு 1435ல முதல்ல விளக்கி எழுதினதே அந்த ஆள்தான், அது தெரியாம சொல்லல. அழகா முடிஞ்ச மாதிரி தெரியற படம் நம்ம யோசனையை பாதிலயே நிறுத்திடும்னு அவருக்கு தெரிஞ்சிருக்கு. 1519 வாக்குல ஓவியர் ரஃபேல் போப்புக்கு எழுதின கடிதத்துலயும் ப்ளான், வெளிச்சுவர், உள்சுவர்னு மூணா பிரிச்சு, மூணையும் ஒரே அளவுல வரையணும்னு சொல்றார். நாம இன்னிக்கு போடற ப்ளான், எலிவேஷன், செக்ஷன் அதுதான். சுருங்காத கோட்டுல ஸ்கேலை வெச்சு அளக்கலாம், ஒரு ட்ராயிங்கை இன்னொண்ணோட மோத விட்டு பொய்யை கண்டுபுடிக்கலாம்.

ஃபோட்டோ மாதிரி கம்ப்யூட்டர்ல எடுத்த ரெண்டர் படத்தை ரெண்டாவது வாரமே யாராவது ஜூரில (ரிவ்யூல) மாட்டினா என்ன நடக்கும்னு நிறைய பாத்திருக்கேன். பேச்சு பூரா மரத்தோட நிறம், கண்ணாடில விழற வானம், உள்ள நிக்கற ஆள்னு போயிடும். வாசல் தப்பான பக்கம் இருக்குன்னு யாருக்கும் சொல்லத் தோணாது, ஏன்னா படம் முடிவாயிட்ட மாதிரி நிக்குது. வரைஞ்ச பிள்ளைக்கும் அதை உடைக்க மனசு வராது. வினோத் கோயல் 1995ல எழுதினதுல இதோட இன்னொரு பக்கம் இருக்கு. கையால வரையும்போது டிசைனர்கள் ஒரு ஐடியாலேருந்து வேற ஐடியாவுக்கு பக்கவாட்டுல தாவினாங்க, கம்ப்யூட்டர்ல வரையும்போது அந்த தாவல் கம்மியாச்சுன்னு அவர் சோதனைல வந்தது. அது அந்தக் காலத்து சாஃப்ட்வேர், ஆனா திருத்தமான கோடு சீக்கிரமே நம்மளை கட்டிப் போடும்ங்கறதை நான் இப்பவும் டேபிளுக்கு டேபிள் பாக்கறேன்.

ஏஐ தர்ற படத்துக்கு பின்னாடி ப்ளானே கிடையாது. அந்த ஜன்னலுக்கு உள்ள எந்த ரூம்னு கேட்டா பதில் இல்ல. ஒரு வெளிச்சத்தையோ மெட்டீரியலையோ பத்தி பேச்சை ஆரம்பிக்க வெச்சுக்கோ, தப்பில்ல. ஆனா எடுத்த கையோட அதுக்கு ஒரு ப்ளான் வரைய உக்காந்து பாரு, பாதி படம் கட்டவே முடியாததுன்னு நீயே சொல்லிடுவ. அந்த முயற்சி நல்ல பயிற்சி.

படம் எப்படி ஒரு கருத்தையே உருவாக்கும்ங்கறதுக்கு எனக்கு ரொம்ப புடிச்சது நொல்லி 1748ல போட்ட ரோம் நகர மேப். கட்டடங்களை கருப்பாவும் தெரு, சதுக்கத்தை வெள்ளையாவும் போட்டார், அது சரி. ஆனா தேவாலயங்களோட உள்பக்கத்தையும் வெள்ளையாவே விட்டார், தூணெல்லாம் உள்ள தெரியற மாதிரி. அதைப் பாத்தா தெருவுல நடந்து போற ஆள் அப்படியே உள்ள போய் அந்தப் பக்கம் வெளிய வரலாம்னு தெரியும். ஊருக்குப் பொதுவான இடம்னா கூரை இல்லாததுதான்னு நினைச்சிருந்தா அந்த நினைப்பு அங்கயே மாறிடும். இத்தனைக்கும் அவர் ஒரு கட்டடத்தையும் மாத்தல, எதை கருப்பாக்கறது எதை வெள்ளையா விடறதுன்னு முடிவு பண்ணார். உன் நூலகத்தோட ப்ளானையும் அப்படி ஒரு தடவை போட்டுப் பாரேன், யார் வேணும்னாலும் கேக்காம வரக்கூடிய இடம் எல்லாம் வெள்ளை, மத்ததெல்லாம் கருப்பு. வெள்ளை எங்க போய் முட்டி நிக்குதோ அங்க உனக்கு வேலை இருக்கு.

தொடுபுள்ளி

எல்லாரும் கண்ணுக்கு தெரியறதையே பேசறோம், அதனால ஒண்ணு சேக்கறேன். க்ரிஸ் டவுனி அமெரிக்க ஆர்க்கிடெக்ட், 2008ல மூளைல கட்டி எடுத்த ஆபரேஷனுக்கு அப்புறம் பார்வை முழுசா போயிடுச்சு. அவர் தொழிலை விடல. ப்ளானை புடைப்பு கோடா அச்சடிக்கற பிரிண்டர்ல எடுத்து விரலால படிக்கறார், அதுக்கு மேல மெழுகு பூசின வளையற குச்சிகளை ஒட்டி தன்னோட ஸ்கெட்சை போடறார். ப்ளானை விரலால படிக்கும்போது முழுசா ஒரே பார்வைல கிடைக்காது, வாசல்லேருந்து ஒவ்வொரு இடமா நகர்ந்துதான் போகணும், அது கட்டடத்துக்குள்ள நடக்கறதுக்கு ரொம்ப கிட்ட வருதுன்னு எனக்கு தோணும்.

இதுலேருந்து நான் எடுத்துக்கறது, வெளிய ஒரு இடத்துல போட்டு வெச்சு திரும்ப படிக்க முடியணும், அதுதான் யோசனைக்கு தேவை. கண்ணால படிக்கறோமா விரலால படிக்கறோமாங்கறது அடுத்தது. அதே சமயம் எந்தப் படமும் சத்தத்தை காட்டாது. நூலகத்துக்கு அது உயிர் நாடி. ஆஸ்திரிய ஆர்க்கிடெக்ட் அடால்ஃப் லூஸ் தன்னோட இன்டீரியர் ஃபோட்டோல எடுபடாதுங்கறதை பெருமையாவே 1910ல சொன்னார். தரை கல்லா, கம்பளமா, எங்க காலடி சத்தம் கேக்கும், எங்க கேக்காதுன்னு ப்ளான் மேல கைப்பட எழுதி வைங்க வெண்பலகை, எழுதறதும் வரையறதுல சேத்திதான்.

வெண்பலகை

இவ்வளவு கிடைக்கும்னு எதிர்பாக்கல. மேடம், அந்த கருப்பு வெள்ளை ப்ளானை இப்பவே போட்டுப் பாத்தேன், வெள்ளை ரிசப்ஷன் டேபிள்லயே முட்டி நின்னுடுச்சு, படிக்கற ஹாலுக்கு போகவே இல்ல, மாடல்ல எவ்வளவோ சுத்திப் பாத்தும் இது எனக்கு தெரியல. ஒரே ஒரு கேள்வி, சரிவுல எங்கேருந்து வரைய ஆரம்பிக்கறது? வெத்து பேப்பரை பாத்தா கை ஓட மாட்டேங்குது.

பட்டர்பேப்பர்

உங்க ப்ராஜெக்டுக்கு ரொம்ப கிட்டத்துல ஒரு உதாரணம் இருக்கு. ஃபின்லாந்து ஆர்க்கிடெக்ட் அல்வார் ஆல்ட்டோவோட வீபுரி நூலகம், 1927ல போட்டில ஜெயிச்சு 1935ல கட்டி முடிச்சது. அவர் 1947ல எழுதின ஒரு கட்டுரைல சொல்றார், அந்த டிசைன் பிடிபடாத காலத்துல குழந்தைத்தனமான படங்களா வரைஞ்சுட்டே இருந்தேன், மலைச்சரிவு, அதுக்கு மேல பல இடத்துல பல சூரியன்னு. கட்டடத்துக்கும் அதுக்கும் நேரடியா ஒரு சம்பந்தமும் இல்ல. ஆனா அதுலேருந்துதான் ப்ளானும் செக்ஷனும் ஒண்ணோட ஒண்ணு பின்னின அந்த வடிவம் வந்தது. மலைச்சரிவு படிப்படியா இறங்கற தளங்கள் ஆச்சு, பல சூரியன் படிக்கற ஹால் கூரைல 57 வட்ட ஸ்கைலைட் (கூரை வழியா வெளிச்சம் விடற ஜன்னல்) ஆச்சு. எந்தப் பக்கம் உக்காந்தாலும் புத்தகத்து மேல கை நிழலோ கண்ணு கூசறதோ இல்லாம வெளிச்சம் பரவலா இறங்கும்.

அதனால கட்டடத்தை வரையாதீங்க முதல்ல. ஒரு நீளமான பட்டர் பேப்பர்ல சரிவை மட்டும் 1:100ல ஒரே கோடா போடுங்க, சர்வேல இருக்கற நிஜ சரிவு. அது மேல உக்காந்து படிக்கற ஆளை வரைங்க, கண்ணு தரைலேருந்து 1.2 மீட்டர்ல. அவருக்கு வெளிச்சம் எங்கேருந்து வரணும், தலை நிமிர்ந்தா என்ன தெரியணும்னு அம்புக்குறி போடுங்க. சரிவுல நாலஞ்சு இடத்துல இதையே பண்ணுங்க. கூரை எங்க வேணும்னு அந்த அம்புகளே கேக்க ஆரம்பிக்கும், அப்ப அடுத்த பேப்பரை மேல விரிங்க. இது ஓரளவு பிடிபட்டதும் 3டிக்கு போங்க, அங்க அது ரொம்ப நல்ல கருவி, நாலு பக்கமும் ஒரே நேரத்துல சோதிக்க அதை மாதிரி வேற இல்ல.

பீம்காலம்

செக்ஷன்ல மண்ணையும் வரைங்க, கட்டடத்தை மட்டும் போட்டுட்டு கீழ வெள்ளையா விட்டுடாதீங்க. எங்க வெட்டறீங்க, எங்க நிரப்பறீங்க, சுவத்துக்கு பின்னாடி தேங்கற தண்ணி எந்த வழியா வெளிய போகும்னு கோடு போடுங்க. போட்டதும் ஒரு ஃபோட்டோ எடுத்து இங்கயே போடுங்க, ரீட்டெய்னிங் வால் (மண் சரியாம தாங்கற சுவர்) எங்க வருது, எவ்வளவு தடிமன் விடணும்னு பாத்து சொல்றேன்.